வெட்டாதவன் ஏமாளியா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. சோம்பேறித்தனம்தான், வேற காரணம் இல்லை. இப்ப உட்கார்ந்தது கோவத்துல. நீளமாப் போனா பொறுத்துக்கங்க மக்களே.

எங்க மாமாவுக்கு (அம்மாகூடப் பிறந்தவர்) கீழ்ப்பழனி மலையில, தாண்டிக்குடி பக்கம் மூணு ஏக்கர் காபித் தோட்டம். காபிக்கு மேல முள்முருங்கை, பலா, பட்டர் ஃப்ரூட், கொஞ்சம் சில்வர் ஓக். மரத்துல எல்லாம் மிளகுக்கொடி. நடுநடுவே மலைவாழை. தரையில கணுக்கால் வரைக்கும் சருகு. அதை விலக்கிக் கையை விட்டா கறுகறுன்னு, புட்டு மாதிரி உதிரும் மண்ணு. சின்ன வயசுல லீவுக்குப் போனா அதுலதான் விளையாட்டு.

போன ஐப்பசியில ஒரு கம்பெனிக்காரர் (பேர் எதுக்கு, விடுங்க) மரம் வெச்சா கார்பன் கிரெடிட்டு, வருஷாவருஷம் காசுன்னு வந்திருக்கார். மாமா ஆசை ஆசையாத் தோட்டத்தைச் சுத்திக் காட்டி, காபியும் குடுத்திருக்கார். குடிச்சு முடிச்சிட்டு அவர் சொன்னது: "ஐயா, இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிற மரம். கணக்குல வராது. புதுசா நட்டாத்தான்."

"அப்ப வெட்டிட்டு நட்டாக் குடுப்பீங்களா தம்பி?"

"பத்து வருஷத்துக்குள்ள வெட்டின இடம்னா கெடையாதுங்க."

சரி, நியாயம்தானே? இல்லை. கீழ்த்தோட்டத்துக்காரர் இருபது வருஷத்துக்கு முன்னாடியே நிழல் மரத்தை எல்லாம் வித்துட்டு சவ்சவ் பந்தல் போட்டவர். அவர் இப்ப கன்னு நட்டாக் காசு வரும். வெட்டினவருக்குப் பரிசு, வெட்டாதவருக்குக் கும்பிடு!

இதுக்குப் படிச்சவங்க ஒரு காரணம் வெச்சிருக்காங்க: எப்படியும் நிக்கப்போற மரத்துக்கு எதுக்குக் காசு, புதுசாச் சேர்ற கார்பனுக்குத்தானே குடுக்கணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 'எப்படியும் நிக்கும்'னு யார் சொன்னா? காபி விலை விழும்போது, ஆள் கூலி ஏறும்போது, பக்கத்துல பீன்ஸ் போட்டவன் மூணே மாசத்துல காசு பாக்கும்போது, ஒவ்வொரு தடவையும் மாமா வெட்டாம இருந்தாத்தான் அது நிக்கும்.

சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. 1955-லயே மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் போட்டாச்சு. அந்தச் சட்டம் வர்ற இடத்துல பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி வாங்கணும். வெட்டாதேன்னு சொல்லத் தெரியுது. வெச்சிருக்கிறவனுக்குச் சல்லிக்காசு?

அதைவிடக் கடுப்பு என்னன்னா, எல்லாரும் மரத்தையே அண்ணாந்து பாக்குறாங்க. காலுக்குக் கீழ பாக்குறது கெடையாது. உலகத்து மண்ணுல மேலாப்புல ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ள மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கு. காத்துலயும் செடிகொடிலயும் சேர்த்து இருக்கிறதைவிட இது அதிகம்.

நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கர்ல ஒரு அடி ஆழத்து மண்ணு சுமாரா 1,450 டன். அதுல கரிமச்சத்து ஒரே ஒரு சதவீதம் குறைஞ்சா 14.5 டன் கார்பன் போச்சு. அது முழுக்க மக்கிக் காத்துல கலந்தா 53 டன் கார்பன் டை ஆக்சைடு. நிழலை எடுத்தா மண்ணு சூடாகும், சருகு விழாது. கொத்திக் கிளறினா உள்ள பொத்திவெச்ச மக்கெல்லாம் நுண்ணுயிருக்குத் தீனி. மிச்சத்தை ஐப்பசி, கார்த்திகை மழை சரிவுல இழுத்துட்டுப் போகும், அதுவும் மேல் மண்ணாப் பார்த்து. அய்யம்பாளையத்துல மருதாநதி அணைக்கு மழைத் தண்ணி செக்கச்செவேல்னு வரும்போது பாத்திருக்கேன். போனது திரும்பி வரப் பல பத்து வருஷம் ஆகும். புதுக்கன்னு நட்ட மறுவருஷம் வந்துடாது.

இது அரசாங்கத்துக்கு ஏன் தெரியலை? 2015-ல வந்த மண்வள அட்டையை எடுத்துப் பாருங்க. வழக்கமான அளவுகோல்ல கரிமச்சத்து 0.5-க்குக் கீழ குறைவு, 0.75-க்கு மேல போனா அதிகம். சமவெளிக்கு அது சரி. மலையில நல்ல தோட்டத்து மண்ணு சர்வசாதாரணமா மூணு, நாலு இருக்கும். அது பாதியாக் குறைஞ்சாலும் அட்டையில 'அதிகம்'னுதான் வரும். பாதி ரத்தம் போன ஆளை 'நல்லா இருக்கீங்க'ன்னு வீட்டுக்கு அனுப்புற டாக்டர் மாதிரி :-(

இருக்கிறதுக்குக் காசு குடுக்க முடியாதுன்னும் சொல்லாதீங்க. கோஸ்டா ரிக்கா 1997-ல இருந்து, காட்டை வெட்டாம வெச்சிருக்கிற நிலக்காரங்களுக்குக் காசு குடுக்குது. பெட்ரோல், டீசல் மேல போடுற வரியில ஒரு பங்கு அதுக்குப் போகுது. நம்ம மாநிலத்துல பாதிகூட இல்லாத நாடு. நிழல்ல காபி மகசூல் குறையத்தான் செய்யும், ஒத்துக்கறேன். அந்தக் குறையற காசையாவது குடுங்கன்னுதான் கேக்குறேன்.

போன வாரம் மாமாகிட்ட பேசினேன். மர வியாபாரி மறுபடி வந்திருக்கானாம், அனுமதி எல்லாம் அவனே பாத்துக்குவானாம். பொண்ணு கல்யாணம் வேற வருது. தை பொறக்கட்டும், பாக்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்கார்.

டிஸ்கி: 'உங்க மாமாவுக்காக எழுதினீங்களா'ன்னு பின்னூட்டம் போடப்போற நண்பர்களுக்கு: ஆமா.