“எங்கட குழி இதுவரை நிரம்பவே இல்லை” என்று பெருமைப்படுபவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீடு திருத்துகிறவர்களும் திருத்த யோசிக்கிறவர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கட பண்டத்தரிப்பில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் யாராவது ஒருவர் பாத்ரூமை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார். வளவின் கோடியில் இருந்த மலசலகூடம் இடிபடுகிறது, படுக்கை அறையோடு ஒட்டி ‘அற்றாச் பாத்ரூம்’ எழும்புகிறது. அதில் எந்தப் பிழையும் இல்லை. முழங்கால் வருத்தத்தோடு இருக்கும் அம்மா இரவில் ரோர்ச் பிடித்துக்கொண்டு மழைக்குள் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் கோபம் பாத்ரூமில் இல்லை, அதிலிருந்து வெளியே போகும் பைப்பில். ரைல்ஸ் நிறம் பார்க்க மூன்று கடை ஏறி இறங்குகிறோம். கழிவு எந்த வழியால் போய் எங்கே விழுகிறது என்று வந்தால் மட்டும், “அதை நீங்களே பாருங்கோ அண்ணை” என்று மேசனிடம் விட்டுவிடுகிறோம்.

எங்கட பெரியவர்கள் கக்கூஸைக் கோடியில் வைத்தது வெறும் கூச்சத்தால் அல்ல. கிணறு வீட்டுப் பக்கம் இருந்தது. இப்போது கக்கூஸ் வீட்டுக்குள் வந்ததும், குழியும் அதன் பின்னால் கிணற்றடிக்கு வருகிறது. பழைய குழி தூரம், பைப்புக்குச் செலவு, வாட்டம் காணாது என்று காரணம் சொல்லி, கிட்டடியில் புதுக்குழி வெட்டுகிறார்கள். அடி கட்டாத குழி. “நல்லா உறிஞ்சும், பவுசர் பிடிக்கிற செலவே வராது” என்பதுதான் விளம்பரம். சில வீடுகளில் பெருமையாகவே சொல்கிறார்கள், பதினைந்து வருசமாய்க் குழி நிரம்பவில்லையாம். நிரம்பவில்லை என்றால் அவ்வளவும் எங்கே போனது? ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. எங்கட பக்கத்து வழுக்கையாறு கூட மாரியில் மட்டும்தான் ஆறு. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாம் நிலத்தடி நீர்தான். அது நிற்பது சுண்ணாம்புக்கல்லில். மேலே மண் ஒரு மெல்லிய போர்வை, கீழே வெடிப்பும் பொந்தும். மணலுக்குள் போகும் கழிவுநீர் மெல்ல வடியும், ஓரளவு சுத்தமாகும். கல் வெடிப்புக்குள் போவது அப்படியே ஓடும். வகுப்பில் புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அதிசயமாகப் படிப்பிக்கிறோம். அந்தப் பொந்துகள் நல்ல தண்ணீருக்கு மட்டும் வழி விடுவதில்லை. மாரியில் நீர்மட்டம் ஏறும்போது பல குழிகளின் அடி தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. அதற்குப் பிறகு உறிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது, கலக்க வேண்டியதுதான்.

இனி நாற்றத்துக்கு வருவோம். புதுப் பாத்ரூம் கட்டி ஆறு மாதத்தில் நாறுகிறது என்று ஃபினைல் ஊற்றுகிறார்கள், வாசக்கட்டி தொங்கவிடுகிறார்கள். காரணம் அனேகமாகக் காற்றுக் குழாய், எங்கட பேச்சில் வென்ற் பைப், இல்லாததுதான். நிலத்தில் இருக்கும் ட்ராப்பில் இரண்டு அங்குலம் அளவில் தண்ணீர் நிற்கிறது. குழியின் வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். கொமட், குளிக்கும் இடம், பேசின் மூன்றையும் ஒரே நாலு அங்குலப் பைப்பில் கோர்த்துவிட்டு, காற்று வர வழி வைக்காவிட்டால் என்ன நடக்கும்? கொமட்டில் ஃபிளஷ் பண்ணும்போது ஓடும் தண்ணீர் பின்னால் இருக்கும் காற்றை இழுக்கும். காற்று வேறு வழியால் வராததால் ட்ராப்புத் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போகும். பிறகு நாற்றமும் கரப்பானும் நேரே உள்ளே வரும். பைப்பைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், வாயில் கொசுவலை கட்டிவிட்டால் போதும். சில ஆயிரம் ரூபா வேலை. “முகப்பு வடிவு கெட்டுப்போகும்” என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்! (வெளிநாட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கும் வீடுகளில் ட்ராப் தானாகவே காயும். வீடு பார்ப்பவர்கள் இடைக்கிடை ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரி.)

வாட்டமும் அப்படித்தான். நாலு அங்குலப் பைப்புக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்தால் போதும். பாத்ரூமை இருபது அடி தள்ளினால் ஐந்து அங்குலம் இறங்க வேண்டும். பழைய குழியின் வாய் அதற்கு ஏற்றதா என்று முதலே பார்க்காமல் ரைல்ஸ் ஒட்டிவிட்டு, பிறகு எல்போவுக்கு மேல் எல்போ போடுகிறார்கள். அடைக்கும்போது மேசன் போனை எடுக்கமாட்டார்.

இன்னொன்று. முன்பு கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. இப்போது அதுவும் செப்ரிக் ராங்குக்குள் விடப்படுகிறது. மலம் அடியில் படிவதற்கு ராங்குக்குள் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். குளிக்கும் தண்ணீர் வந்து தள்ளத் தள்ள, படியாததெல்லாம் உறிஞ்சு குழிக்குப் போகிறது. குளியல் தண்ணீரைத் தனிப் பைப்பில் வாழைக்கு விடுங்கள்.

“கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறோம்” என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாக அது இன்னும் செறியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மிஞ்சினால் முதலில் பாதிக்கப்படுவது அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகள். தோட்டத்து உரமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் உரத்தைக் காட்டிக் குழியை மறைக்க முடியாது. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்ததைச் சொல்லி, இனிக் கிணறு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கிணற்று மோட்டரைக் கழற்றியதாக நாங்கள் காணவில்லை.

சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் வந்தபோது 2015இல் எவ்வளவு கொதித்தோம். 2019இல் உயர் நீதிமன்றம், மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்பு. எங்கள் குழியால் பக்கத்து வளவுக் கிணறு கெட்டால் யார் வழக்குப் போடுவது? மதில் நிலத்துக்கு மேலேதான். கோவில் கிணறு, பள்ளிவாசல் ஹவுளு, தேவாலய வளவு எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது ஒரே தண்ணீர்.

காசு அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு சொல். ரொறன்ரோவில் பாத்ரூமின் பைப்பை இடம் மாற்ற மாநகர சபையின் அனுமதி எடுப்பீர்கள். இங்கே ஒரு வட்ஸ்அப் அழைப்பில் முடித்துவிடுகிறீர்கள். அனுப்பும் காசில் இரண்டு அறை கொண்ட, அடி கட்டிய ராங்குக்கும் கணக்குப் போட்டு அனுப்புங்கள்.

பிரதேச சபை உறுப்பினர்களிடம் கேட்பது ஒன்றுதான். புது வீட்டுப் படத்துக்கு பிஎச்ஐ வந்து கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் நாடா பிடிக்கிறார். குழி இடம் மாறும் வீட்டுக்கும், குழியை மூடுவதற்கு முன்னால், அதே நாடா வரட்டும். பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்கட்டும்.