பயம் பிடித்தால் பாதை மறக்கும்!

கேலி வேண்டாம், கைகாட்டி வேண்டும்

"பழகின வழிதான் அண்ணே, ஆனா அந்த நேரத்துல ஒண்ணும் புரியல!"

வழி தவறி வந்தவர் இப்படிச் சொன்னால் டீக்கடையில் சிரிக்கிறார்கள். "படிச்ச ஆளுக்கு வழி தெரியலையாம்!" என்று கிண்டல் வேறு. சிரிக்கிற விஷயமா இது? இல்லவே இல்லை!

கொடைக்கானல் மலையடிவாரத்தில், வத்தலக்குண்டு - பெரியகுளம் சாலையில் இருக்கிறது கெங்குவார்பட்டி. இந்த ஊர் இருக்கும் தேனி மாவட்டத்தில்தான், போடி அருகே குரங்கணி மலையில், 2018 மார்ச் 11-ந் தேதி அந்தக் கோரம் நடந்தது. மலையேறிவிட்டு இறங்கியவர்களைக் காட்டுத் தீ வளைத்தது. பதறிப்போய் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். 23 உயிர்கள் பலி!

கொன்றது தீயும் காற்றும் காய்ந்த புல்லும்தான். ஆனால், "கொஞ்சம் நின்னு யோசிச்சு ஓடியிருக்கலாமே" என்று பிறகு பேசியவர்களுக்கு ஒரு கேள்வி. அந்த நேரத்தில் மூளை யோசிக்க விடுமா?

மூளைக்குள் வரைபடம்

மூளையில் கடல் குதிரை வடிவில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. நிற்கும் இடம் எது, போகும் திசை எது என்று படம் போட்டு வைப்பதில் அதற்குப் பெரும் பங்கு. இடத்தை அடையாளம் காட்டும் செல்கள் அங்கே இருப்பதை 1971-ல் எலிகளிடம் கண்டறிந்தார் ஜான் ஓகீஃப். 2014-ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார்.

பயம் வந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது, காலுக்கு வேகம் வருகிறது. பின்னாலேயே கார்ட்டிசால் ஏறுகிறது. அளவோடு இருந்தால் நல்லது. மிஞ்சினால் மூளையின் வரைபடம் கலங்குகிறது. புது வழி தோன்றாது. பழகிய தடத்திலேயே கால் போகும். பழகிய தடமே இல்லாத காட்டில் என்ன செய்ய?

வீண் பேச்சு

"பொம்பளைங்களுக்குத் திசை தெரியாது" என்பார்கள் சிலர். உருவங்களை மனசுக்குள் திருப்பிப் பார்க்கும் சோதனையில் ஆண்களின் சராசரி கூடுதல்தான். எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று நினைவு வைப்பதில் பெண்கள் முன்னே நிற்கிறார்கள். இரண்டுமே சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். கார்ட்டிசாலோ ஆண், பெண் இருவர் உடம்பிலும் ஏறும். அப்புறம் என்ன வீறாப்பு?

செய்ய வேண்டியது என்ன?

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. நல்லது. ஆனால் ஆபத்தில் தப்பும் வழியை மலையேறும் முன்பே காட்டிவிட வேண்டும். பயம் வந்த பிறகு சொன்னால் மண்டையில் ஏறாது. ஒவ்வொரு பிரிவிலும் பெரிய எழுத்தில் கைகாட்டி வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் கூடவே போக வேண்டும்.

அடிவாரத்து ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இருட்டில் பதறி வந்து வழி கேட்பவரிடம், "மேற்கே போய் தெற்கே திரும்புங்க" என்றால் குழம்புவார். முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். பிறகு, "அந்தக் கோயில் தெரியுதா? அங்கே இடது கைப்பக்கம் திரும்புங்க" என்று ஒரே அடையாளம் சொல்லுங்கள். படபடப்பு அடங்கினால் வழியும் புலப்படும்.

இதற்குக் காசு பணம் வேண்டாம். கொஞ்சம் பொறுமை போதும்!