அடித்த பிறகா அடையாளம்?

தண்டலத்தில் செங்கல் குவியலருகே வரிப்பாம்பு ஒன்று ஊர்ந்தால் என்ன செய்கிறோம்? 'கட்டுவிரியன்!' என்று அடித்துவிட்டு, பிறகு கூடி நின்று ஆராய்கிறோம். ஆய்வகத்தில் பொருளை உடைத்துவிட்டா அளக்கிறோம்?

கட்டுவிரியனின் வெண்வரிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். தலைப்பக்கம் மங்கி, வால்பக்கம் தெளியும். நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கோ கழுத்தருகே தெளிந்து, வால்பக்கம் மங்கும். குட்டிகளில் இது மாறலாம். ஆகவே, ஐயமிருந்தால் நச்சுப்பாம்பென்றே கொண்டு விலகி நில்லுங்கள்.

பாம்பின் கால் பாம்பறியும் என்பது பழமொழி. இருளர்களும் அறிவார்கள்! தடத்தையும் உரித்த சட்டையையும் பார்த்தே இனம் சொல்வார்கள். 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம், அரசு அனுமதியுடன் பாம்பு பிடித்து, மருந்துக்காக நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

கடிபட்டாலும் பாம்பைத் தேடி அடிக்க வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிற்கும் நச்சுமுறிவு மருந்து ஒன்றே. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பாம்பு பார்க்க நண்பர்களோடு கிளம்புகிறீர்களா? அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் உடன் வரட்டும். கையில் குறிப்பேடு போதும், தடி எதற்கு?