தடிமன் மட்டும் போதுமா?

பட்டமளிப்பு விழாவில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் என் நெடுநாள் ஆசை. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டிலேயே ஏறிய கண்ணாடி. தேசிய இடைநிலைப்பள்ளியில் 'ராபுன்' என்பதே என் பெயராகிவிட்டது. இரு கண்களிலும் பவர் 500.

பகுதி நேர வேலை செய்து பணம் சேர்த்தேன். பேரங்காடி ஒன்றில் லேசிக் சிகிச்சைக்குக் கழிவு விலை அறிவித்திருந்தார்கள். பவரைப் பார்த்தார்கள்; விழிவெண்படலத்தின் தடிமனை அளந்தார்கள்; "தாராளமாகச் செய்யலாம்" என்றார்கள். முன்பணம் கட்டிவிட்டேன். அம்மாதான், "எதுக்கும் இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வா ஐயா" என்றார்.

அந்த இரண்டாவது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா?" உண்டு. தூசு பட்டால் எனக்குக் கண் அரிக்கும். சில பரிசோதனைகளுக்குப் பிறகு, "உங்களுக்கு லேசிக் வேண்டாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது?

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். விழிவெண்படலம் என்பது கண்ணின் முன்னால் கடிகாரக் கண்ணாடிபோல் நிற்கும் தெளிந்த படலம். என்னுடையது 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். லேசிக்கில் மேலே ஏறத்தாழ 110 மைக்ரோனுக்கு ஒரு மடலை வெட்டித் திறப்பார்கள். பவர் 500ஐ நீக்க லேசர் ஏறத்தாழ 70 மைக்ரோன் செதுக்கும். மீதம் 360. நெடுநாளாகப் பின்பற்றப்படும் கீழ்வரம்போ 250தான்.

இயந்திரப் பொறியியல் படிக்கும் நான் இங்கேதான் வெட்கப்பட வேண்டும். ஆய்வகத்தில் ஒரே தடிமனுள்ள இரண்டு தகடுகளை இழுத்துப் பார்க்கிறோம். ஒன்று தாங்கும், மற்றொன்று முன்கூட்டியே நெகிழும். கண்ணுக்கும் இது பொருந்தும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

விழிவெண்படலம் கொலாஜன் இழைகளால் ஆனது. முன்பகுதியில் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அங்கேதான் வலிமை அதிகம். லேசிக் மடல் வெட்டுவதும் அங்கேயே! மடல் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பழைய வலிமை திரும்பாது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமோ இரவு பகலாக அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இயல்பிலேயே இழை தளர்ந்த கண் என்றால் படலம் கூம்புபோல் பிதுங்கி, பார்வை சிதையலாம். ஜெர்மானிய மருத்துவர் தியோ சைலரின் குழு லேசிக்கிற்குப் பின் இப்படி ஆனவர்களைப் பற்றி 1998இலேயே எழுதியது. இது அரிதுதான். ஆனால் அந்த அரிதானவர் நாமாக இருந்தால்?

எனக்குச் செய்த பரிசோதனை எளிமையானது. ஒரு கருவி கண்மீது 'புஸ்' என்று காற்றை ஊதும். படலம் உள்வாங்கி மீள்வதை, வினாடிக்கு 4,000க்கும் மேற்பட்ட படங்களாக ஒரு கேமரா பிடிக்கும். என் படலம் தேவைக்கு மேல் வளைந்து கொடுத்ததாம்.

நான் லேசிக்கை எதிர்க்கவில்லை. அதனால் நன்மை பெற்றவர்கள் ஏராளம். விலையைப் பெரிதாகவும், யாருக்கு ஆகாது என்பதைப் பொடி எழுத்திலும் போடும் விளம்பரத்தைத்தான் எதிர்க்கிறேன். "என் படலத்தின் உறுதியைப் பார்த்தீர்களா? பின்புற வளைவைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள், நண்பர்களே. பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கனவே செய்துகொண்டவர்கள் கண் அழுத்தம் பார்க்கும்போது அதை மறக்காமல் சொல்ல வேண்டும். மெலிந்த படலத்தில் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குளுக்கோமா நோய் கண்ணில் படாமல் போகலாம்.

இதையெல்லாம் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லத் தெரியாமல் திணறினேன். அம்மா தையல்காரர். பாதி கேட்டதுமே, "துணி தடிமனா இருந்தா மட்டும் போதுமா? நூல் நைஞ்சிருந்தா வெட்டித் தைக்கக்கூடாது" என்றார். என் அரைமணி நேர விளக்கம் மிச்சமாயிற்று.

நிலை மோசமானால் ரிபோஃபிளேவின் சொட்டுமருந்து விட்டு, புற ஊதா ஒளி பாய்ச்சி இழைகளை இறுக்கும் சிகிச்சை உண்டு. ட்ரெஸ்டன் நகரில் உருவாகி 2003இல் முதல் முடிவுகள் வெளிவந்த முறை அது. சரிவை நிறுத்தலாம், இழந்த பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. எனக்கு இப்போதைக்கு அது தேவையில்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனை மட்டும். முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. கண் அரித்தால் சொட்டுமருந்துதான். ஆனாலும் கை பழக்கத்தில் மேலே போய்விடுகிறது. தையல் இயந்திரம் சட்டென்று நிற்கும். "கையை எடு!"