முதலாம் சீசனுக்குச் சப்பைக்கட்டு வேண்டாம்

‘ஃபவுண்டேஷன்’ தொடரைப் பற்றிக் கதை வந்தாலே எங்கட வட்டத்தில ஒரு பதில் தயாராக இருக்கும்: “முதலாம் சீசனைப் பல்லைக் கடிச்சுக்கொண்டு பாருங்கோ, ரெண்டாவது திறம்.” நாங்களும் அப்பிடிச் சொல்லித்தான் கனபேரைப் பாக்க வைச்சனாங்கள். இரண்டாவது நல்லா இருக்கு எண்டதில இப்பவும் மாற்றமில்லை. ஆனால் முதலாவது ஒரு ‘அத்திவாரம்’, அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேணும் எண்ட வாதத்தை இனி ஏற்கமாட்டோம்.

2021இல் வந்த முதலாம் சீசனின் பிரச்சினை வேகக்குறைவு இல்லை. ஐசாக் அசிமோவின் கதையில் ஹரி செல்டனின் கணிதம் பெருந்திரளான மக்களின் போக்கைத்தான் கணிக்கும், தனிமனிதரை அல்ல. தொடரும் இதையே சொல்லிப்போட்டு, முடிச்சு விழுந்த இடத்தில எல்லாம் சல்வர் ஹார்டினின் விசேட உள்ளுணர்வை வைச்சுத் தப்பிக்குது. கணக்குக்கும் மதிப்பில்லை, மனுசருக்கும் உயிரில்லை. தப்பினது பேரரசரின் அரண்மனை மட்டும்தான். ஒரே கிளியோனின் பிரதிகள் மூன்று பேர், மூன்று வயதில், ஒன்றாக இருந்து ஆளும் அந்தக் கற்பனை அசிமோவிடம் இல்லாதது.

2023இல் வந்த இரண்டாம் சீசன், நூறு வருடத்துக்கு மேல் தாண்டிப்போய், அரண்மனைக்கு வெளியிலும் மனுசரைக் கண்டுபிடிக்குது. பெல் ரியோஸ் எண்ட தளபதியைப் பாருங்கோ. கட்டளையை மீறினதால் சிறைக்குப் போனவர், திரும்பவும் அதே பேரரசின் சீருடையைப் போடுறார். உள்ளுக்குள்ள ஒரு நல்லவன் இருந்தால் கொடுமை குறையும் எண்ட நம்பிக்கை. டெர்மினஸ் கிரகத்தையே அழிக்கச் சொல்லிக் கட்டளை வரும்போது அந்த நம்பிக்கைக்கு என்ன பெறுமதி? இந்தக் கேள்விக்கு விசேட சக்தி ஒண்டும் உதவாது. அவர்தான் முடிவெடுக்க வேணும்.

“கிராஃபிக்ஸ் கூடிற்று, அதுதான் திறம்” எண்டு சிலர் சொல்லுவினம். முதலாம் சீசனிலேயே வானுயர்ந்த பாலம் இடிஞ்சு விழுந்தது. பிரமாண்டத்துக்கு அப்பவும் குறைவில்லை. “புத்தகத்துக்குக் கிட்ட வந்திட்டுது” எண்டு வேறு சிலர். ரியோஸ் புத்தகத்தில் இருக்கிறார்தான். ஆனால் எங்களை உலுக்கின அவரது கணவர் கிளாவென் புத்தகத்தில் இல்லை.

ஆகவே இரண்டாம் சீசனின் வெற்றி முதலாவதுக்குக் கிடைச்ச நற்சான்றிதழ் இல்லை. அதுக்கு எதிரான சாட்சி. முந்தைய கதையைப் பெருமளவு விட்டுட்டுத்தான் அது எழும்பினது. பத்து அத்தியாயத்தை வீணாக்கினவைக்காக நாங்கள் ஏன் வக்காலத்து வாங்க வேணும்? பார்வையாளரின் பொறுமை, எழுத்தாளரின் பயிற்சிக் கொப்பி இல்லை.