மங்கும் மருந்துக் கடையும்

இரு கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டின் மீதும், இடமும் வலமும் ஒரே சாயலில் படரும் பழுப்புத் திட்டுகளை நம் ஊர்களில் மங்கு என்கிறார்கள். வலியோ அரிப்போ தராதாயினும் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அது மனத்தை வாட்டுவதால், ஸ்திரீகள் பலர் வைத்தியரை நாடாமல் தெருமுனை மருந்துக் கடையில், "முகத்துக்குப் போடற கிரீம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிச் செல்வது சர்வ சாதாரணமாகிவிட்டது. இந்த வழக்கம் மங்கைக் காட்டிலும் கொடியது என்பதே என் அபிப்பிராயம்.

தேய்த்துக் கழுவிப் போக்குவதற்கு மங்கு அழுக்கன்று. சூரிய கிரணங்களாலும், கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரைகளாலும் நேரும் ஹார்மோன் மாறுதல்களாலும், பரம்பரை இயல்பாலும் தூண்டப்பட்டு, தோலுக்கு நிறமளிக்கும் மெலனினை அதன் உயிரணுக்கள் மிதமிஞ்சி உற்பத்தி செய்வதால் வருவது அது. எலுமிச்சம் பழத்தை அரக்கித் தேய்த்தால் தோல் புண்பட்டுக் கருமை அதிகரிக்கவும் கூடும்.

அமெரிக்கத் தோல் நிபுணர் கிளிக்மன் 1975-இல் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து வகுத்த முறையின் வழிவந்த கலவைகள், வைத்தியரின் மேற்பார்வையில் சில வாரங்கள் மாத்திரம் பூசத்தக்கவை. கடையில் கேள்வியின்றிக் கிடைப்பதும் பெரும்பாலும் அத்தகைய கலவையே. முதலில் முகம் பளிச்சென்று வெளுக்கும். அந்த வெளுப்பில் மயங்கி மாதக்கணக்கில் பூசியவர்களுக்கோ தோல் மெலிந்து, சிவந்து, பருவும் ரோமமும் கண்டு, நிறுத்தினால் எரிச்சலும் பூசினால் சேதமுமாக இருதலைக் கொள்ளி எறும்பின் கதியாகிவிடுகிறது. இதை உத்தேசித்தே ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டின்றி விற்கலாகாதென்று மத்திய அரசு 2018-இல் விதித்தது. விதி காகிதத்திலும் களிம்பு கடையிலும் கிடக்கின்றன.

மெய்யான சிகிச்சையில் அற்புதம் ஏதுமில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர்களை மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் தடுக்கும், இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனை வெளியில் இருக்கையில் இரண்டு மணிக்கொருமுறை பூசுவதும், அசெலாயிக் அமிலம் போன்றவற்றை வைத்தியர் சொன்னபடி பயன்படுத்துவதும், குணம் தெரிய மாதங்கள் ஆகும், தெரிந்தபின்னும் திரும்பக்கூடும் என்று அறிந்து பொறுத்திருப்பதுமே அது. நோயாளியிடம் இவ்வளவு பொறுமையை எதிர்பார்க்கும் நாம், விலையைச் சொல்லுமுன் சீட்டைக் கேட்கும்படி கடைக்காரரையும், நிறுத்தவேண்டிய நாளையும் சீட்டிலேயே குறிக்கும்படி வைத்தியரையும், இவ்விரண்டும் நடக்கின்றனவா என்று கடையேறிப் பார்க்கும்படி அதிகாரிகளையும் வற்புறுத்துவது மிகையாகாது.