சவரிமுத்துவின் மகள்



சென்ற மாதம் ஒரு நாள் முற்பகலில் ஓர் ஆங்கிலோ-இந்திய அம்மையார் கணியூருக்கு என்னைத் தேடி வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை என்று பேருந்து மாறி மாறி ஏறி வந்திருந்தார். வந்து அமர்ந்து ஒரு குவளை தண்ணீர் பருகிய பிறகு அவர் கேட்ட முதற்கேள்வி, "ஃபாதர், உங்களுக்கு லத்தீன் வாசிக்க வருமாமே?" என்பதுதான்.

குருமடத்தில் படித்த லத்தீனை இந்நாளில் யார் கேட்கிறார்கள்? திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவோர் உண்டு. அதுவும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், வெளிநாட்டுக்குக் கடவுச்சீட்டு எடுக்கவுமே. ஆகவே சிறிது பெருமையோடுதான், "வரும், அம்மா" என்றேன். அவர் கைப்பையைத் திறந்து ஒரு கட்டுத் தாள்களை மேசைமீது பரப்பினார்.

ஆஸ்திரேலியாவில் வாழும் அவருடைய அண்ணன் மகன் மூன்றாண்டுகளாகத் தம் குடும்பத்தின் வேர்களைத் தேடி வருகிறானாம். இந்தியாவுக்கு முதலில் வந்த மூதாதையர் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்தவர். இரயில்வேயில் இயந்திரம் பழுதுபார்ப்பவராக வேலைசெய்தவர். அவர் வழியை அப்பிள்ளை வெகு துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டான். (குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி, வரப்போகும் பெயர்களை மாற்றி எழுதுகிறேன், மாற்றிய பெயரும் அதே வகையினதே.)

அது எப்படிக் கூடிற்று என்று வியப்பீர்கள். இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் தேதியிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்து வருகிறது. அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கில், 1841 முதல் ஒவ்வொரு வீட்டாரின் பெயரும் எழுதப்பட்டது. அந்த ஏடுகளைப் பாதுகாத்து வைத்து, நூறு ஆண்டு கழிந்தபின் எவரும் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அடுத்த 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் தீயில் எரிந்து போயின. 1941இல் போரின் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. நம் நாட்டிலோ, 1871-72 முதல் கணக்கெடுத்தும், பெயர் சொல்லித் தேட வழியில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பதிவுகளை எவர் கண்ணிலும் காட்டாது.

அந்த லங்காஷயர் குடும்பத்தைக் கணக்கு ஏடுகளின் வழியே பார்த்தபோது என் நெஞ்சு கனத்தது. 1841இல் தந்தை கைத்தறி நெசவாளர். நம் மூதாதையர் இரண்டு வயதுக் குழந்தை. 1851இல் தந்தைக்கு அதே தறி. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் நூற்பு ஆலையில், அறுந்த நூலை இணைக்கும் வேலையில் இருக்கிறான். விசைத்தறி வந்து கைத்தறியை வீழ்த்திய காலம் அது. காலையில் பனியன் கம்பெனிப் பேருந்துகள் புறப்படும் நம் வட்டாரத்தில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1861இல் தந்தை பெயர் இல்லை. தாய் விதவை, ஒரு மகளோடு இருக்கிறாள். மகன் பெயரும் இல்லை. அவன் கடல் தாண்டிவிட்டான். அவ்வாண்டே அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வரவேண்டிய பஞ்சு நின்றுபோய், 1865 வரை லங்காஷயர் ஆலைகள் முடங்கின. இந்தியப் பஞ்சின் விலையோ ஏறிற்று. மகன் பஞ்சு விளையும் கொங்கு நாட்டில் பிழைப்புக்கு வந்திருக்க, தாய் பஞ்சு இல்லாத ஆலையூரில் பட்டினி கிடந்தாள். 1871ஆம் ஆண்டின் ஏட்டில் அவளைக் கண்டுபிடித்தது வீட்டில் அன்று. ஆதரவற்ற ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய அரசு விடுதியில். பெயர், "விதவை", வயது 61, "முன்பு நெசவுக்காரி". அவ்வளவே. மகன் பணம் அனுப்பினானா, கடிதமாவது எழுதினானா என்று எந்த ஏடு சொல்லும்?

இவ்வளவும் கிடைத்தபின், அவர் இந்தியாவில் யாரை மணந்தார் என்பது மட்டும் அகப்படவில்லை. சென்னை மாகாணத்து ஆங்கிலேயரின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 1698 முதல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிள்ளை அவற்றையெல்லாம் துருவிப் பார்த்தும் பயனில்லை. வீட்டிலோ ஒரு கதை வழங்கிவந்தது. "எங்கள் பாட்டி, அவர் போர்த்துக்கீசியப் பெண் என்பார்கள், ஃபாதர். நிறம் கொஞ்சம் மட்டு என்பதற்கு அதுதான் காரணம் என்பார்கள்" என்று சொல்லி அம்மையார் மெல்லச் சிரித்தார். இந்தப் போர்த்துக்கீசியப் பாட்டியை நான் முன்பும் சில இல்லங்களில் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இறுதியில் கோவை மறைமாவட்டத்தின் பழைய பங்கு ஒன்றின் திருமண ஏட்டில் அந்தப் பதிவு அகப்பட்டது. 1866ஆம் ஆண்டு. அதன் நிழற்படத்தைத்தான் அம்மையார் என்முன் வைத்தார்.

ஏன் இலண்டனில் இல்லை என்பது முதல் வரியிலேயே விளங்கிற்று. மணமகன் கத்தோலிக்கர் அல்லர். ஆயரின் விதிவிலக்கு பெற்று, கத்தோலிக்கப் பெண்ணைக் கத்தோலிக்கக் கோயிலில் மணந்திருக்கிறார். எழுதியவர் பாரிஸ் வேதபோதக சபையைச் சார்ந்த பிரெஞ்சுக் குரு. அந்நாளில் நம் பகுதியின் கோயில் ஏடுகள் பெரும்பாலும் இவ்விதமே: ஆங்கிலேயரின் பெயரைப் பிரெஞ்சுக் காது கேட்டு, லத்தீனில் எழுதிய ஏடுகள். வில்லியம் குலியெல்முஸ் ஆவார். ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆவார். அந்த யாக்கோபுஸே நம்மிடம் வந்தால் சந்தியாகப்பர்! தேடுபவன் எங்கே போய்த் தேடுவான்?

மணமகளின் பெயர் மரிய மதலேனா. அடுத்து "பிலியாம்" என்ற லத்தீன் சொல்; மகளை என்று பொருள். அதன்பின் தந்தையின் பெயர். அந்த இடத்தில்தான் ஆஸ்திரேலியப் பிள்ளை கேள்விக்குறி போட்டு, "போர்த்துக்கீசியக் குடும்பப் பெயரோ?" என்று எழுதியிருந்தான். எழுத்து நீளமாக, உயிரெழுத்துகள் குவிந்து கிடந்தது. நான் ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். பிரெஞ்சுக்காரருக்கு 'உ' ஓசை வேண்டுமானால் இரண்டு எழுத்து வேண்டும். புதுச்சேரியில் முத்து என்ற பெயரை எழுதுவதைக் கண்டவர்களுக்கு இது தெரியும். மறுபடி வாசித்தேன். சவரிமுத்து. ஊர்ப்பெயரும் அவ்வாறே பிரெஞ்சு வாயில் சற்று நசுங்கி, கருமத்தம்பட்டி.

"அம்மா, உங்கள் பாட்டனாரின் பாட்டி போர்த்துக்கீசியர் அல்லர். கருமத்தம்பட்டி சவரிமுத்துவின் மகள்" என்றேன்.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் மனவருத்தம் உண்டாக்கிவிட்டேனோ என்று அஞ்சினேன். ஒரு குடும்பம் நூறு ஆண்டாக மறைத்துவைத்ததை ஒரு நொடியில் சொல்லிவிடுவது எளிய காரியமன்று. மறைத்தவர்களையும் நான் அவசரப்பட்டுக் குறைசொல்லமாட்டேன். எந்த நிறத்துக்கு எந்த வேலை, எந்தச் சம்பளம் என்று அரசே வரையறுத்திருந்த காலத்தில், ஒரு பாட்டியின் ஊரை மாற்றிச் சொன்னது பிள்ளைகளின் சோற்றுக்காக.

இப்படி மறைந்துபோன தாய்மார் இவர் ஒருவரல்லர். சென்னைக் கோட்டையின் தூய மரியன்னை ஆலயம் 1680 அக்டோபர் 28ஆம் நாள் அர்ச்சிக்கப்பட்டது. அதன் திருமண ஏட்டின் முதற்பதிவு, அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிகு யேல், நவம்பர் 4ஆம் நாள் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்தது. இராபர்ட் கிளைவ் 1753இல் மார்கரெட் மாஸ்கெலினை மணந்ததும் அங்கேதான். இப்பெண்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். கல்கத்தாவோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னாக்கின் மூன்று புதல்வியருக்கும் அதே ஆலயத்தில் 1689 ஆகஸ்டில் திருமுழுக்கு நடந்தது. மேரி, எலிசபெத், கேத்தரின் என்று மூவர் பெயரையும் வரலாறு அறியும். அவர்களைப் பெற்றவள் ஓர் இந்தியப் பெண். அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் என்ன என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அதற்கு இரண்டாண்டு முன்னர், 1687இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் சென்னைக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. படைவீரர்கள் இந்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கும்படியும், அவ்விதம் பிறக்கும் குழந்தை திருமுழுக்குப் பெறும் நாளில் தாயின் கையில் ஒரு வராகன் கொடுக்கும்படியும் அதில் எழுதினார்கள். வராகன் வாங்க அவள் வேண்டும். ஏட்டில் அவள் வேண்டா! நம் நாட்டு அரசியலமைப்பிலும் ஆங்கிலோ-இந்தியர் யார் என்பதற்குத் தந்தைவழியே அளவுகோல். இங்கிலாந்திலும் திருமணச் சான்றிதழில் மணமக்களின் தந்தையர் பெயர் மட்டுமே இருந்தது. தாயர் பெயருக்கு இடம் கிடைத்தது 2021 மே மாதத்தில்.

திருச்சபையையும் நான் இதில் விட்டுவிட முடியாது. திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563இல், பங்குக் குருக்கள் திருமண ஏடு வைத்திருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. 1614இல் வெளியான உரோமைச் சடங்குநூலின் மாதிரிப்படி, திருமுழுக்கு ஏட்டில் தாய் தந்தை இருவர் பெயரும் வரும். திருமண ஏட்டில் மணமகளுக்கு இன்னார் மகள் என்று தந்தை பெயரே வரும். அந்தப் பிரெஞ்சுக் குருவும் மாதிரியில் உள்ளபடியே எழுதினார். ஆகவே மதலேனாவைப் பெற்ற தாய் யார் என்பது இந்தத் தாளில் இல்லை. அது அவருடைய திருமுழுக்குப் பதிவில் இருக்கவேண்டும். மணநாளில் பதினெட்டு வயது என்று குறித்திருப்பதால், 1848ஐ ஒட்டி. ஆயர் பிரெசிலாக் ஆண்டகை கருமத்தம்பட்டியில் 1846இல் ஆயர்நிலைத் திருநிலைப்பாடு பெற்றதற்கு இரண்டாண்டு பின்னால். இதை நான் சொன்னபோதுதான் அம்மையார் நிமிர்ந்தார்.

அவர் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வமிசப்படம், அழகாக அச்சிடப்பட்டது. லங்காஷயர்ப் பக்கம் கிளைகிளையாக நிறைந்திருந்தது; நெசவாளர், அவர் தந்தை, அவர் பாட்டனார் என்று. மறுபக்கம் ஒரே கட்டம். அதனுள் "பெயர் தெரியாத சுதேசிப் பெண், அல்லது போர்த்துக்கீசியர்" என்ற பொருள்படும் ஆங்கில வாசகம்.

"ஃபாதர், உங்கள் பேனாவைக் கொடுங்கள்."

கொடுத்தேன். அவர் அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே மரிய மதலேனா என்று ஆங்கிலத்தில் எழுதினார். அதற்கும் மேலே புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். "சவரிமுத்துவைத் தமிழில் எழுத வேண்டும். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. இதில் எழுதிக் காட்டுங்கள்" என்று ஒரு காகிதத் துண்டை நீட்டினார். நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, முதல் வகுப்புப் பிள்ளையைப்போல் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். 'வ'வும் 'ரி'யும் சற்றுக் கோணிப்போயின. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அதை வெறுமையாக விட்டார்.

"உங்கள் அண்ணன் மகன் என்ன சொல்வான்?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை. அவன் அம்மாவுக்குத்தான் கோபம் வரும்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் கருமத்தம்பட்டிக்குப் போகிறார். திருமுழுக்கு ஏடு லத்தீனில் இருந்தால் வாசிக்க ஆள் வேண்டுமே என்று என்னையும் உடன்வரச் சொல்லியிருக்கிறார். அன்று காலைத் திருப்பலி முடிந்ததும் உடுமலைப் பேருந்தைப் பிடிக்கவேண்டும்.